அசனத்துக்கு முன்னே ஒரு கச்சேரி!

திருநெல்வேலிச் சீமையில் கோயில் என்றால் இரண்டு அர்த்தம். ஐயர் என்றாலும் இரண்டு அர்த்தம்! ‘கோயிலுக்கு ஐயர் வந்துட்டாவளா?’ என்று யாராவது கேட்டால், அவசரப்பட்டுத் தேங்காய்-பழத் தட்டைத் தேடாதீர்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர், பைபிளைக் கக்கத்தில் இடுக்கியபடி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கக்கூடும். இந்தப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட்காரர்களுக்கு சர்ச்சுதான் கோயில். போதகர்தான் ஐயர்.

கும்பகோணத்துக்காரனான எனக்கு பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்த எட்டாவது மாதம் இந்தப் பாஷை பிடிபட்டது. பாஸாகிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் ஆபீஸ் கேஷியர் அண்ணாச்சி ஒரு நோட்டீஸை நீட்டினார். ரோஸ் கலர் காகிதம். ‘நற்செய்தி இசை விழா. மாலை 5 மணி. தொடர்ந்து அசன விருந்து. அனைவரும் வருக!’

“சொந்த ஊர்ல கோயில் பண்டிகை, தம்பி. நான் கமிட்டில இருக்கேன். நோட்டீஸ் எழுதுனதும் நான்தான். வாரீயளா?”

“அண்ணாச்சி, நான் இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் போனதே இல்லையே...”

“யாரும் உங்கள ஒண்ணும் பண்ணிர மாட்டாவ. பாட்டைக் கேளுங்க, சாப்புடுங்க, பஸ் ஏறுங்க. அம்புட்டுத்தான்.”

ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, “பெரிய மனுஷர் கூப்பிட்டிருக்கார், போயிட்டு வா. ஆனா தலைல தண்ணி கிண்ணி தெளிக்க வந்தா மட்டும் தள்ளி நின்னுக்கோ!” என்றாள்.

அசனம் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பண்டிகை நாளில் ஊருக்கே போடும் சாப்பாடு. நேர்ந்துகொண்டவர்கள் ஆடு கொடுப்பார்கள், சிலர் அரிசி கொடுப்பார்கள், சிலர் தேங்காய், சிலர் விறகு. எல்லாவற்றையும் ஒரே அடுப்பு வரிசையில் ஏற்றி, ஆள் உயரக் கரண்டியால் கிண்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் கறிக்குழம்பும் சோறும். யார் வீட்டு ஆடு யார் இலையில் விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அது இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்று அண்ணாச்சி சொன்னார்.

பாட்டை முதலில் வைத்துச் சாப்பாட்டைக் கடைசியில் வைத்த கமிட்டியின் ராஜதந்திரத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு ஆள் எழுந்து போகவில்லையே!

நான் போய்ச் சேர்ந்தபோது வேப்ப மரங்களுக்கு நடுவே பந்தல், சீரியல் பல்பு, மேடை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்வரிசையில் இடம் பிடித்தேன். எனக்கு முன்னால் ஐந்தாறு இளவட்டங்கள். அதில் ஒருவன் மடியில் வட்டமாக ஒரு துணிப் பை. தபேலாவுக்கு அகலம் அதிகம், தோசைக்கல்லுக்குப் பருமன் அதிகம். என்னவாக இருக்கும்? யோசிப்பதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது.

முதல் உருப்படி, பாடகர் குழுவின் பாமாலை. நாற்பது பேர். பெண்கள் மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு; ஆண்களும் அப்படியே. ஒரே பாட்டை நாலு வழியாகப் பாடி, நாலும் ஒரே இடத்தில் போய் முட்டாமல் நிற்கின்றன. நம் கச்சேரிகளில் ஒருவர் பாட, மற்றவர் பின்னால் போவார். இங்கே நாலு பேர் நாலு ரோட்டில் போய் ஒரே நேரத்தில் ஸ்டேஷன் சேர்கிறார்கள். அந்தத் தடித்த ஆண் குரல் வரிசை இருக்கிறதே... நாற்காலி வழியாக முதுகில் ஏறுகிறது!

மெட்டு ஐரோப்பா, வார்த்தை தமிழ். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்து நடக்கிற காரியம் இது. ஜெர்மன் பாட்டை எடுத்து, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழைக் கொஞ்சம் நெளித்து உள்ளே அனுப்புவார்கள். பிறகு வந்த ஃபப்ரீஷியஸ் இதில் கைதேர்ந்தவர். ஆனாலும் சில இடங்களில் குறில் எழுத்துக்கு மெட்டு ‘நீளு, நீளு’ என்று ஆணையிட, அது மூச்சுப் பிடித்துக்கொண்டு நெடிலாக நிற்கிறது. ‘மெட்டுக்குப் பாட்டு’ என்பதை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால் இனி நம்பாதீர்கள். முந்நூறு வருஷத்துச் சமாசாரம்!

அடுத்தது கீர்த்தனை. எனக்கு நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான்.

எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். (ஆல் இந்தியா ரேடியோ 1940-லிருந்து 1971 வரை ‘நம்ம சங்கீதத்துக்கு ஆகாது’ என்று வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததே, அதே ஆர்மோனியம்தான்.) பக்கத்தில் தபேலா, கைத்தாளம். தாத்தா ஒரு இழுப்பு இழுத்தார். செஞ்சுருட்டி! பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வரிசையாக வருகிறது. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் போட்டிருக்கிறது. சாமி பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் மார்கழி மாதம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

“யார் பாட்டு அண்ணாச்சி?”

“வேதநாயகம் சாஸ்திரியார். ஒங்க தஞ்சாவூர்ல இருந்தவரு. ஆனா பொறந்தது எங்க திருநெல்வேலி!” என்றார், ஏதோ தாமிரபரணித் தண்ணீருக்கு காவிரி பாக்கி வைத்திருப்பதைப் போல.

1774-ல் பிறந்தவர் சாஸ்திரியார். சிறு வயதிலேயே ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். அந்த ஷ்வார்ட்ஸிடமே பாடம் படித்த இன்னொரு பையன்தான் பிற்காலத்து சரபோஜி மன்னர். அரண்மனைப் பழக்கமும் தமிழ்ப் புலமையும் சேர, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குற்றாலத்துக் குறத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தக் கூடையும் கோலும் பெத்லகேம் வரை போன கதை எனக்குப் புதுசு.

அவர் வாழ்க்கையில் ஒரு தகராறு உண்டு. 1820-களில் வந்த புது மிஷனரிகளுக்கு, கோயிலில் தமிழ் ராகமும் தாளமும் முழங்குவது பிடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னார்கள். கூடவே, ஜாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். சாஸ்திரியார் இரண்டையுமே எதிர்த்து எழுதினார்! தமிழ்ப் பாட்டுக்காக வரிந்து கட்டிய அதே பேனா, ஜாதி வழக்கத்துக்கும் வக்காலத்து வாங்கியது. பெரிய மனிதர்களைப் பாதி பாதியாகப் பிரித்து வைத்துக்கொள்ள முடிந்தால் நமக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும்!

அப்புறம் காலம் மாறியது. 1853-ல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் இந்தக் கீர்த்தனைகளைத் திரட்டி, வழிபாட்டுக்கென்று புத்தகமாகவே போட்டார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததைக் கொண்டு சங்கீத மாநாடுகள் நடத்தி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். வெளியே நிறுத்தப்பட்ட தமிழ்ச் சங்கீதம் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தும்விட்டது.

நடுவில் ஏலம். காணிக்கையாக வந்த பொருட்களைக் கூவி விற்கிறார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஐம்பதில் ஆரம்பித்து ஆயிரத்து நூறுக்குப் போனது! எடுத்தவர் மும்பையில் வேலை பார்ப்பவராம். பழத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அடுத்து ஒரு வெள்ளைச் சேவல். ‘ஒரு தரம்... ரெண்டு தரம்...’ என்கிறபோது சேவலே ஒரு குரல் கொடுக்க, அதையும் கேள்வியாகச் சேர்த்து ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டார் உபதேசியார். கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. நான் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு நாற்பது ரூபாய் என்று வாயைத் திறந்தேன். எதிர்க் கேள்வியே வரவில்லை. விருந்தாளிக்கு மரியாதையாம். பேச்சிலர் ரூமில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு கட்டுரை.

மூன்றாவதாக வாலிபர் சங்கம். கீபோர்டு, கிட்டார், ரிதம் பேட். அண்ணாச்சி மகன்தான் கீபோர்டு. திரையில் பாட்டு வரிகள் ஓட, கூட்டமே எழுந்து நின்று கை தட்டுகிறது. ஒரே வரியை ஆறு தரம், எட்டு தரம் பாடுகிறார்கள். இரண்டாவது தரம் நமக்கும் தெரிந்துவிடுகிறது, நாலாவது தரம் நாமும் பாடுகிறோம்! இந்த வகைப் பாட்டு கேசட் காலத்தில் வீட்டுக்கு வீடு போனது. ஃபாதர் பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ அப்படிப் பரவியதுதான். பெருங்கூட்டங்களில் பாடிப் பேசிப் பிரபலமான டி.ஜி.எஸ். தினகரன் (1935-2008) ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்தவர். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ‘நமக்கெல்லாம் எங்கே...’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் கவனிக்கவும்.

எனக்கு முன்வரிசைத் தாத்தாக்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. “இது பாட்டால? டிஸ்கோ!” என்று ஒருவர் முணுமுணுத்தார். பாமாலைக்காரருக்குக் கீர்த்தனை அன்றைக்கு ஆகவில்லை. கீர்த்தனைக்காரருக்குக் கீபோர்டு இன்றைக்கு ஆகவில்லை. நாளைக்குக் கீபோர்டுக்காரருக்கு எது ஆகாதோ!

நாளை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மேடையிலிருந்து அண்ணாச்சி இறங்கி நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். என்னைப் பார்க்கத்தான் என்று எழுந்தேன். அவர் அந்தத் துணிப் பைக்காரனின் தோளில் கை வைத்தார்.

“தம்பி, அடுத்தாப்ல ஒங்க பாட்டுதான். நல்லா படிங்க. ஆனா... அது வேண்டாம்னு கமிட்டில நெனைக்காவ.”

“எது அண்ணாச்சி?”

“தெரியாத மாதிரி கேக்கியே. பறை.”

பையன் பையைக் கீழே வைக்கவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலையாம். இதே கோயில்தான், கிழக்குத் தெரு.

“ஏன் அண்ணாச்சி?”

“சாவுக்கு அடிக்கிறதுன்னு பெரியவங்க சங்கடப்படுதாவ. தபேலா இருக்குல்லா, அத வச்சுப் படிச்சிருங்க.”

“தம்புரு, எக்காளம், கைத்தாளம்னு சங்கீதம் நூத்தம்பதுல பெரிய லிஸ்டே இருக்கு அண்ணாச்சி. தாவீது ராஜா பெட்டிக்கு முன்னால குதிச்சு ஆடுனாருன்னு ஞாயித்துக்கிழமை வாசிக்கீய. அவரு என்ன தபேலாவுக்கா ஆடுனாரு?”

அண்ணாச்சி சிரிக்க முயன்றார். வரவில்லை.

“நோட்டீஸ்ல ‘அனைவரும் வருக’ன்னு போட்டிருக்கீய. ஆளு மட்டுந்தான் வரலாமா?”

அந்த நோட்டீஸை எழுதியவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரையைப் பார்த்தேன். வெளியூர்க்காரன் வேறு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் அந்தப் பையன் இல்லை. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ஜே.தியோபிலஸ் அப்பாவு (1940-2005) - ‘பரட்டை அண்ணன்’ என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும் - இதற்காகவே வாழ்ந்தவர். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு முழு வழிபாட்டையே அமைத்தார். ஏழைக்குப் புரியாத பாஷையிலும், அவன் பாடமுடியாத ராகத்திலும் சாமி கும்பிடச் சொன்னால் எப்படி என்பது அவர் கட்சி. ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 2014-ல் வந்தது.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. ‘காஸ்பல் மியூசிக்’ என்று உலகம் சொல்கிறதே, அதன் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி (1899-1993) முதலில் கேளிக்கை விடுதிகளில் ‘ப்ளூஸ்’ வாசித்த கறுப்பினப் பியானோக்காரர். அந்த நடையில் சாமி பாட்டு எழுதிக்கொண்டு போனபோது, சிகாகோவின் பெரிய கறுப்பினச் சர்ச்சுகளே ‘இது விடுதிச் சங்கீதம்’ என்று முகம் சுளித்தன. சாராயக்கடை வாசனை அங்கே. சாவு வாசனை இங்கே. வாத்தியம் எங்கே வாசிக்கப்பட்டது என்பதைவிட, யார் கையில் இருந்தது என்பதுதான் விவகாரம் என்று எனக்குப் படுகிறது. வெள்ளைக்காரன் பாண்டு வாத்தியத்திலிருந்த வயலினை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எடுத்துத் தோளில் வைத்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கடல் தாண்டி வந்ததற்கு மேடையில் இடம். கிழக்குத் தெருவிலிருந்து வந்ததற்குத் துணிப் பை.

பையன்கள் மேடை ஏறினார்கள். பையும் ஏறியது, திறக்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியில், ஆளை உட்கார வைப்பது மாதிரி அதை உட்கார வைத்துவிட்டுப் பாடினார்கள். நாற்று நடுகிற மெட்டு. தபேலாக்காரத் தம்பி நல்லவன்தான், முயன்று பார்த்தான். ஆனால் அந்தப் பாட்டு கால் வைக்கிற இடத்திலெல்லாம் தபேலா ஒரு அரை அடி தள்ளியே நின்றது. இரண்டாவது சரணத்தில் அவனே வாசிப்பதைக் குறைத்துக்கொண்டான். கைதட்டல் வந்தது... மரியாதைக் கைதட்டல். ஐயர் ஆசீர்வாதம் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தது.

பந்தியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். சோறு மலை, குழம்பு ஆறு! வடக்குத் தெரு, கிழக்குத் தெரு, வெளியூர் என்று பார்க்காமல் வந்த வரிசையில் உட்கார்ந்தார்கள். என் வலது பக்கம் ஏலத்தில் எலுமிச்சம்பழம் எடுத்த மும்பைக்காரர். இடது பக்கம் அந்தப் பறைக்காரப் பையன். கறித்துண்டு எல்லா இலையிலும் ஒரே அளவு. நான் கவனித்துத்தான் சொல்கிறேன். ஒரே இலை வரிசையில் உட்கார முடிந்தவர்கள் ஒரே மேடையில்... சரி, அதை விடுங்கள். குழம்பு ஆறிவிடும்.

கை கழுவ அடுப்புப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். சோற்று அண்டாக்களை இறக்கியாயிற்று. வரிசையாகக் கங்கு. பையன் பையைத் திறந்து பறையை எடுத்து, தோல் பக்கத்தை அனலில் காட்டிக்கொண்டிருந்தான். சூடேறினால்தான் தோல் இறுகும், சத்தம் பிரியும். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது, அதற்கு நெருப்பு வேண்டாம். இவனுடையது மாட்டுத்தோல், அவன் தாத்தா வைத்திருந்தது.

விரலால் தட்டிப் பார்த்தான். இன்னும் வரவில்லை. மறுபடி காட்டினான்.

பின்னாலிருந்து ஒரு குரல். “அங்கன சூடு பத்தாதுல. இங்கன வா.” அண்ணாச்சி! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியை எடுத்து அடுத்த அடுப்பின் கங்கை அவரே இழுத்துவிட்டார். மேடையில் சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சமையல்காரரிடம் மட்டும், “தண்ணிய ஊத்திராதியும்வே, கொஞ்சம் பொறும்” என்றார்.

முதல் அடி விழுந்ததும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். இரண்டு குச்சி, ஒரு வட்டம், அவ்வளவுதான், மைக் கிடையாது. வேப்ப மரம், பந்தல், கோயில் சுவர் எல்லாவற்றிலும் போய் மோதித் திரும்பி வந்தது சத்தம். மற்றவர்கள் அதே நாற்று நடவுப் பாட்டை எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் கேட்ட பாட்டுதானா இது? இடுப்பு இருக்கிறவனெல்லாம் அசைந்தான். அண்ணாச்சி மகன் கீபோர்டை மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு ஓடி வந்தான். தபேலாக்காரத் தம்பி ஒரு காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

கமிட்டிப் பெரியவர்கள் மூன்று பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். போகிறபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஐயர் பந்தியில் உட்கார்ந்திருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. மேஜை மேலிருந்த இடது கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆர்மோனியத் தாத்தா கம்பை ஊன்றி மெல்ல நடந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டார். நிறுத்தியதும் கேட்டார், “ஏ தம்பி, இது என்ன நடைல? திஸ்ரம் மாதிரி வந்து எங்கேயோ திரும்புதே?”

“பேரெல்லாம் தெரியாது தாத்தா. எங்க தாத்தா அடிச்சது.”

“இன்னொரு மட்டம் அடி. நான் எண்ணிப் பாக்கேன்.”

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ரோட்டில் கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அது போவட்டும் தம்பி. நம்ம வீட்லயே படுத்துக்கிடலாம்” என்றார், கங்கை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டபடி.